ஃபேஃப் பண்ணாத அண்ணி

என் கொழுந்தன் இங்கிலாந்துல படிச்சு முடிச்சுத் திரும்பி வந்தப்ப ரெண்டு பெட்டியும் ஒரு சொல்லும் கொண்டு வந்தான். பெட்டியில இருந்ததெல்லாம் எப்பவோ கிழிஞ்சு போச்சு. அந்தச் சொல்ல மட்டும் நான் இன்னும் மறக்கல. மறக்கவும் மாட்டேன். நேர்ல பேசுறப்ப "தம்பி, நீங்க, வாங்க"ன்னு மரியாதையாத்தான் பேசுவேன். இங்க எழுதுறப்ப அவன்தான். என் கதையில அவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

கண்டி டவுனுக்குள்ள எங்களுக்கு ஒரு துணிக்கடை. கீழ கடை, மேல வீடு. மாமனார் இந்தியாவுல இருந்து வந்து ஆரம்பிச்ச கடை அது. அவரும் மாமியாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் முதலாளி ஆனாரு, நான் மேல் மாடிக்கு முதலாளியம்மா ஆனேன். இறக்குமதி இல்லாம துணிக்கு வரிசையில நின்ன காலம் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. வெளிநாட்டுத் துணி திரும்பவும் வர ஆரம்பிச்சு, கடையில கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் இவன் வந்து இறங்கினான். துணி மில்லு நிறைய இருக்கிற ஒரு ஊர்ல படிச்சானாம். கடைய மாத்திக் காட்டுறேன்னு வந்தான்.

வந்த மறுநாள் காலையில டீ கொண்டு போனேன். நான் டீ குடுக்கிறதுக்கு ஒரு முறை வச்சிருக்கேன். கோப்பைய முதல்ல சுடுதண்ணி ஊத்திக் கழுவுவேன். கண்டிக் குளிருக்கு, குளிர்ந்த கோப்பையில ஊத்தினா டீ வாய்க்குப் போறதுக்குள்ள ஆறிரும். சாசரைத் துடைப்பேன். கோப்பையோட காது குடிக்கிறவங்க கைப் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பி வைப்பேன். அவன் கதிரையில காலை நீட்டி உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் பார்த்துட்டு, "ஃபேஃப் பண்ணாம டீயக் குடுங்களேன் அண்ணி"ன்னான். என் வீட்டுக்காரர் அர்த்தம் புரியாமலே சிரிச்சாரு.

என்ன தம்பி அதுன்னு கேட்டேன். எனக்குத் தெரியாத சொல்லு எதையும் கேக்காம விட மாட்டேன், கான்வென்ட்ல படிச்ச பழக்கம். அவன் விளக்கம் சொன்னான். ஒரு வேலைய நேரா செய்யாம, அதைத் தொட்டு இதைத் தொட்டு, சுத்திச் சுத்தி வந்து நேரத்தைப் போக்குறதுக்குப் பேருதான் ஃபேஃப். கெட்ட வார்த்தை இல்ல, அங்க எல்லாரும் சாதாரணமாச் சொல்றது, விளையாட்டாச் சொல்றது. கதவைப் பூட்டிட்டுத் திரும்பவும் போய் இழுத்துப் பார்த்தா அது ஃபேஃப். சட்டை மாத்துறதுக்கு அலுமாரி முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தா அது ஃபேஃப். பக்கத்துத் தெருவுல இருந்த ஒரு இங்கிலீஷ் டீச்சரம்மாகிட்டயும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சொல்லு பாடப் புத்தகத்துல வராதும்மான்னு சொல்லிட்டாங்க.

புத்தகத்துல வராட்டி என்ன, எங்க வீட்டுல வந்து குந்திக்கிச்சே. நாள் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, அதுக்கு அர்த்தம் என்னன்னு அவனை விட நான்தான் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம தமிழ்ல இதுக்கு எத்தனை சொல்லு இருக்கு. மெனக்கெடுறதுன்னு சொல்லுவோம். பார்த்துப் பார்த்துச் செய்யிறதுன்னு சொல்லுவோம். அலட்டிக்கிறதுன்னும் சொல்லுவோம், அது கொஞ்சம் திட்டுறது. ஆனா மெனக்கெட்டு செஞ்சான்னு சொன்னா, செஞ்சவங்களுக்கு அதுல ஒரு மதிப்பு இருக்கு. யாருக்காகச் செஞ்சாங்கங்கிறதும் அதுக்குள்ள இருக்கு. இந்த ஃபேஃப்ல அந்த ரெண்டும் கிடையாது. கோப்பையக் கழுவினது யாருக்காகன்னு அந்தச் சொல்லு கேக்காது. இன்னொண்ணும் கவனிச்சேன். அந்தச் சொல்ல எப்பவும் உக்காந்திருக்கிறவங்கதான் நின்னுக்கிட்டிருக்கிறவங்களப் பார்த்துச் சொல்லுவாங்க. நின்னுக்கிட்டு வேலை பார்க்கிற ஒருத்தர் அதைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

கொஞ்ச நாள்ல வீடு முழுக்க அது ஒட்டிக்கிச்சு. வெத்தலைத் தட்டுல இலையோட காம்பெல்லாம் ஒரே பக்கமா அடுக்கினா ஃபேஃப். மழைத் தூறல்ல குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா ஃபேஃப். என் மக அப்பத்தான் ஸ்கூல் போக ஆரம்பிச்சிருந்தா. தலை பின்னி ரிப்பன் கட்டுறப்ப, "அம்மா ஃபேஃப் பண்ணுது"ன்னு கத்துனா. அன்னைக்கு என் வீட்டுக்காரர் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. கடைக்கு வர்ற பழக்கமான ஆளுங்ககிட்டயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. என் வயிறு எரிஞ்சுச்சு.

சிரிப்போட போயிருந்தா விட்டிருப்பேன். ஆனா அது என் மூலையையும் கொண்டு போச்சு. எனக்குத் தையல் நல்லா வரும். எங்க கடையில சேலை எடுக்கிற பொம்பளைங்க அதோட ஜாக்கெட் துணியும் வாங்கிட்டு, எங்கங்க தைக்கக் குடுக்கிறதுன்னு கேப்பாங்க. கடைக்குள்ளயே, ஜன்னல் பக்கத்து மூலையில, ஒரு மெஷினப் போட்டு நான் உக்காந்து தைக்கிறேன், அளவெடுக்கிறேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பொம்பளைங்களுக்கு அளவெடுக்கப் பொம்பளை இருந்தா கடைக்குத்தான் நல்லது. கல்யாணத்துக்கு முன்னாடி நான் தைச்ச மெஷின் மேல் மாடியில துணி போர்த்திக் கிடந்துச்சு. அவரும் முக்கால்வாசி சம்மதிச்சிருந்தாரு. வெள்ளையடிச்சுட்டு இறக்கிருவோம்னு சொல்லியிருந்தாரு.

தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு கேட்டாரு. அவன் யோசிக்கக்கூட இல்ல. "அண்ணி உக்காந்து ஃபேஃப் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, கஸ்டமர் எல்லாம் ஓடிருவாங்க"ன்னான். என் வீட்டுக்காரர் சிரிச்சாரு. அந்தச் சிரிப்போட என் மூலை போச்சு. அடுத்த வாரம் அந்த ஜன்னலோரமா அவனுக்கு ஒரு மேசை போட்டாங்க. அதுல உக்காந்துக்கிட்டு வெளிநாட்டுக் கம்பெனிக் கடதாசியெல்லாம் புரட்டிக்கிட்டு இருப்பான். மத்தியானம் வெளிச்சம் நேரா அவன் இளவழுக்கையில விழும். அந்த வெளிச்சத்துல ஒரு ஊசியில நூல் கோக்க எவ்வளவு சுகமா இருக்கும்னு நான் மாடிப்படியில நின்னு பார்ப்பேன்.

அன்னைல இருந்து கறுவிக்கிட்டு இருந்தேன். சண்டை போடல. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணல. பல்லக் கடிச்சுக்கிட்டு, கோப்பையக் கழுவி, காதைத் திருப்பி வச்சு, டீ குடுத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் மாட்டுவான்னு தெரியும். ஒரு பொம்பளை இல்லாம நடக்காத காரியம் ஒண்ணு அவனுக்கு வரும்னு தெரியும்.

வந்துச்சு. நாவலப்பிட்டியில ஒரு பொண்ணு. அப்பாவுக்கு அங்க டவுன்ல கடை, பொண்ணு ஸ்கூல்ல டீச்சர். தரகர் கொண்டு வந்த சம்பந்தம். நாங்க போய்ப் பொண்ணு பார்த்தோம். பொண்ணு நல்லா நிமிர்ந்து பார்த்துப் பேசுச்சு, அவன்கிட்ட இங்கிலீஷ்லயே ரெண்டு கேள்வி கேட்டுச்சு. அவ்வளவுதான், ஆளு விழுந்துட்டான். திரும்பி வர்ற வழி பூரா அவன் பேசவே இல்ல. போட்டோவ மேசை லாச்சியில வச்சுக்கிட்டு, யாரும் இல்லாத நேரம் எடுத்துப் பார்ப்பான். இந்தப் பொண்ணு இல்லாட்டிக் கல்யாணமே வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டான்.

அடுத்தது பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பார்க்க வரணும். எங்க ஆளுங்ககிட்ட ஒரு முறை இருக்கு. சம்பந்தம் முடியிற வரைக்கும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் கை நனைக்க மாட்டாங்க. டீத்தண்ணி குடிக்கலாம், இலையில உக்காரக் கூடாது. வீடு பார்க்க வந்து, பேச்சு நல்லபடியா முடிஞ்சு, பொண்ணு வீட்டுக்காரங்க இலையில உக்காந்து கை நனைச்சா, அதுதான் சம்மதம். ஆனா அவங்களா உக்கார மாட்டாங்க. முதல்ல கூப்பிடுறப்ப வேணாம்னுதான் சொல்லணும், அதுதான் மரியாதை. ரெண்டாவது தடவையும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. மூணாவது தடவை வீட்டுப் பொம்பளை போய், வந்திருக்கிற பொம்பளையோட கையைப் புடிச்சு இழுத்து உக்கார வைக்கணும். ஆம்பளைங்க கூப்பிட்டா அது வெறும் சாப்பாடு. பொம்பளை கையப் புடிச்சாத்தான் சம்பந்தம். மாமியார் இல்லாத வீட்டுல அது மூத்த மருமகளான நான் செய்ய வேண்டிய வேலை. இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கிறது கிடையாது, பார்த்துப் பழகுறதுதான். சின்ன வயசுலயே ஊரை விட்டுப் போனவனுக்கு எங்க தெரியும்.

அவங்க வர்றதுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் இலை கழுவி அடுக்கிக்கிட்டு இருந்தேன். அவன் வந்து வாசல்ல நின்னான். எங்க வீட்டுப் பொம்பளைங்க விருந்தாளிகள நச்சரிக்கிறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கானாம், அது அவனுக்கு வெக்கமா இருக்குமாம். "நாளைக்கு ஃபேஃப் பண்ணாதீங்க அண்ணி. ஒரு தடவை கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுருங்க. அவங்க படிச்ச குடும்பம்." நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு முறை தெரியும். எங்க கல்யாணத்துக்கு எங்கம்மாவ அவங்கம்மா கையப் புடிச்சு இழுத்ததைப் பக்கத்துல இருந்து பார்த்தவரு. அவரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே, "அவன் சொல்றபடியே செய்யேன், படிச்சவன் சொல்றான்"னாரு. சரிங்கன்னு சொன்னேன். எனக்குள்ள ஒரு குளிர்ச்சி ஓடுச்சு.

சமையல்ல ஒரு குறையும் வைக்கல. அதை யாரும் சொல்லிறக் கூடாது. விடியக்காலையிலயே எழும்பி, நெய் ஊத்திப் பொங்கல், உளுந்து வடை, கேசரி, ரெண்டு வகைச் சட்னி, சாம்பார்னு இறக்கினேன். வாசம் கீழ கடை வரைக்கும் போச்சு. அவங்க வேன்ல வந்து இறங்கினப்பவே காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்காங்கன்னு முகத்துலயே தெரிஞ்சுச்சு. விருந்துக்குப் போற வீட்டுக்கு யாராவது வயித்த நிரப்பிட்டு வருவாங்களா. பொண்ணோட அப்பா, அம்மா, தாய்மாமன், இன்னும் ரெண்டு பொம்பளைங்க. டீ குடுத்தேன். பேச்சு நல்லாவே போச்சு. வீட்டச் சுத்திப் பார்த்தாங்க. பெரஹரா ஊர்வலத்தை இந்த ஜன்னல்ல இருந்தே பார்க்கலாம் போலன்னு அந்தம்மா சொன்னாங்க. பொண்ணோட அப்பா முகத்துல சந்தோஷம் தெரிஞ்சுச்சு. எல்லாம் முடிஞ்சுச்சு, இனிக் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் எழும்பிப் போய் அந்தம்மா முன்னாடி நின்னு, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "இருக்கட்டும்மா, இப்ப என்ன அவசரம்"னாங்க. முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாங்க.

"சரிங்க"ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன்.

அந்தச் சரிங்கவுக்கு அப்புறம் அந்த ஹால்ல இருந்த அமைதிய நான் இப்பவும் ஆசையா நினைச்சுப் பார்க்கிறதுண்டு. அந்தம்மா என்னைப் பார்த்தாங்க. நான் கைய மடியில வச்சுக்கிட்டு அடக்க ஒடுக்கமா உக்காந்திருந்தேன். அவங்க சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாங்க. நெய் வாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு. தாய்மாமன் ரெண்டு தடவை தொண்டையச் செருமினாரு. என் வீட்டுக்காரருக்கு அப்பத்தான் உறைச்சிருக்கு. கண்ணைக் காட்டுறாரு, புருவத்தைத் தூக்குறாரு, எழும்பு எழும்புன்னு விரலால சைகை காட்டுறாரு. நான் அவரைத் திரும்பியே பார்க்கல. கொழுந்தன் மட்டும் கால் மேல கால் போட்டுக்கிட்டு, இங்கிலாந்துல ரயிலெல்லாம் எப்படி நேரத்துக்கு வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தான். பசியில கிடந்த தாய்மாமன் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தாரு, பாவம்.

கடைசியில அவங்க எழும்பினாங்க. அந்தம்மா மாடிப்படி கிட்ட வந்து, "அப்ப நாங்க வர்றோம்"னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் நின்னாங்க. அந்த நிமிஷம் எனக்காகவே நின்னாங்க. ஓடிப் போய்க் கையப் புடிச்சிருந்தா எல்லாம் சரியாகியிருக்கும். "பார்த்துப் போயிட்டு வாங்க"ன்னு கும்பிட்டேன். அவங்க முகம் செத்துப் போச்சு. படியிறங்கிப் போய்ட்டாங்க.

வேன் போன பிறகு கொழுந்தன் கைய உரசிக்கிட்டு வந்து, இன்னைக்குத்தான் அண்ணி எல்லாத்தையும் அழகா, நேரா செஞ்சாங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னான். என் வீட்டுக்காரருக்கு முகத்துல ஈயாடல. நான் சமையல்கட்டுல ஒரு இலையப் போட்டு உக்காந்து, பொங்கலும் வடையும் வயிறார சாப்பிட்டேன். அன்னைக்கு வடை மாதிரி அதுக்குப் பிறகு ஒரு நாளும் எனக்கு வடை வாய்க்கல.

நாலஞ்சு நாள் கழிச்சுத் தரகர் வந்தாரு. கடையில நின்னுக்கிட்டே கத்தினாரு. வீட்டுக்கு வந்தவங்கள கை நனைக்க விடாம அனுப்பிச்சா, உங்க பொண்ணு எங்களுக்கு வேணாம்னுதானே அர்த்தம், அதை நேரா என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பொண்ணோட அப்பா அந்த ஊர்ல தலை காட்ட முடியாம இருக்காருன்னு. அவன் ஒண்ணும் புரியாம முழிச்சான். தரகர் முறையை விளக்கிச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கிட்டே போச்சு. நான் படியில நின்னு ஒண்ணு விடாம பார்த்தேன்.

தரகர் போனதும் மேல ஓடி வந்தான். தெரிஞ்சுக்கிட்டே செஞ்சீங்களான்னு கேட்டான். "நீங்க சொன்னதை ஒரு சொல்லு பிசகாம செஞ்சேன் தம்பி"ன்னேன். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பேப்பரைப் பார்த்தாரு. ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்த உத்தரவுதானே அது. கடவுள் அப்பப்ப இப்படியும் குடுப்பாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அவன் சாப்பாட்டத் தொடல. கடையில மேசையில உக்காந்து போட்டோவையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரல. ஆனா என் வீட்டுக்காரருக்குத் தம்பியப் பார்க்கப் பொறுக்கல. ஒரு நாள் சமையல்கட்டுக்கு வந்து, எதையோ தேடுற மாதிரி டப்பாவெல்லாம் திறந்து மூடிட்டு, மெதுவாச் சொன்னாரு. நான் நேர்ல நாவலப்பிட்டிக்குப் போய் அந்தம்மாகிட்ட பேசி இதை முடிச்சுக் குடுத்தா, ஜன்னல் பக்கத்து மூலைய எனக்கே குடுத்துர்றாராம். தம்பியும் மேசைய எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டானாம். நான் யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். யோசிக்க ஒண்ணும் இல்ல. மூலைக்காகப் போனேன், அவனுக்காகப் போகல.

தட்டுல பழம், பூ, வெத்தலை எல்லாம் வச்சுக் கட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். அந்தம்மா முதல்ல முகம் குடுக்கல. தப்பு எங்க மேலதான், வீட்டு ஆம்பளைங்க உபசரிக்க வேணாம்னு தடுத்துட்டாங்க, நானும் வாயத் திறக்கலன்னு சொன்னேன். அவ்வளவும் உண்மைதானே. அவங்க பெருமூச்சு விட்டு, ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னாங்க. பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. நான் வேணாம்னேன். திரும்பவும் கூப்பிட்டாங்க, வேணாம்னேன். மூணாவதா எழும்பி வந்து என் கையப் புடிச்சாங்க. போய் இலையில உக்காந்தேன். அவங்க பரிமாறப் பரிமாற அழுதாங்க. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. கேவலம் ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டு பொம்பளைங்க அழுதோம்னு எவனாவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அவங்களுக்கு முழுச் சம்மதம், மகள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறோம்னு சொன்னாங்க.

பஸ் நிக்கிற இடம் வரைக்கும் பொண்ணு கூட வந்துச்சு. அம்மாதான் அனுப்பி வச்சாங்க. ரயில் பாதைய ஒட்டி நடந்தோம். மெல்லிசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச தூரம் வந்ததும் பொண்ணு நின்னு கேட்டுச்சு.

"அக்கா, உங்களத் தவிர வேற யாருகிட்டயும் இதைக் கேக்க முடியாது. அவர் எப்படி?"

தங்கமான புள்ளன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். மூலை எனக்கு வந்துரும். மெஷினும், ஜன்னல் வெளிச்சமும், வரிசையில நிக்கிற பொம்பளைங்களும் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வாயையும் திறந்துட்டேன். ஆனா அந்தச் சொல்லு வரல. ஜாக்கெட் தைக்கத் தெரிஞ்ச என்னைப் பார்த்து, டீக் கோப்பைய வச்சு ஊரையே சிரிக்க வச்சவன் தங்கமாம்.

"குடிக்க மாட்டாரு. ஊர் சுத்த மாட்டாரு. ஆனா நீ அவருக்காக எதைச் செஞ்சாலும் அதைப் பார்த்துச் சிரிப்பாரு. வீட்டுல உள்ளவங்களையும் சேர்த்துச் சிரிக்க வைப்பாரு. அப்புறம் உனக்குன்னு ஒண்ணு வேணும்னு நீ கேக்கிறப்ப, அந்தச் சிரிப்ப வச்சே இல்லன்னு சொல்லுவாரு."

பிறகு எல்லாத்தையும் சொன்னேன். டீயைச் சொன்னேன், ரிப்பனைச் சொன்னேன், மூலையைச் சொன்னேன். ஒரு பொண்ணோட வாழ்க்கையக் காப்பாத்தினேன்னு என்னைப் பத்தி யாரும் நல்லபடியா நினைச்சுற வேணாம். அந்தப் பொண்ணுக்காக நான் பேசல. அவன் ஆசைப்பட்ட ஒண்ணு என் கைக்குள்ள வந்து நின்னுச்சு, நான் அதைக் கீழ போட்டு மிதிச்சேன். அதுல பொண்ணுக்கு ஒரு நல்லது நடந்திருந்தா அது அவ அதிர்ஷ்டம்.

அந்தப் பொண்ணு எல்லாத்தையும் குறுக்கப் பேசாம கேட்டுச்சு. தூரத்துல பஸ் வர்றது தெரிஞ்சுச்சு. அப்பத்தான் என்னை நேரா பார்த்துக் கேட்டுச்சு.

"அப்ப நீங்க எதுக்குக்கா அங்க இருக்கீங்க?"

நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சட்டுன்னு பஸ்ஸுல ஏறிட்டேன். ஜன்னலோரமா உக்காந்து முதல்ல அந்தப் பொண்ணையே திட்டினேன், நேத்துப் பொறந்தவளுக்கு என்ன வாயின்னு. கம்பளை தாண்டுற வரைக்கும் திட்டினேன். அதுக்கப்புறம் திட்ட ஆள் மாறிருச்சு. ஃபேஃப்னு சொன்னது கொழுந்தன்தான். சிரிச்சது யாரு? முறை தெரிஞ்சும் பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டது யாரு? மூலைய முக்கால்வாசி குடுத்துட்டு ஒரு சிரிப்புல திரும்ப வாங்கிக்கிட்டது யாரு? கொழுந்தனால என்னை என்ன செஞ்சுற முடியும், நான் கட்டிக்கிட்டவர் அவன் கூட நிக்காட்டி. இத்தனை நாளும் கறுவினதெல்லாம் தப்பான ஆள் மேல போயிருக்கு. பேராதனையில கூட்டம் ஏறி என் மேல சாஞ்சப்பக்கூட எனக்கு ஒண்ணும் உறைக்கல. போறதுக்கு எனக்கு இடம் இல்ல, எங்கண்ணன் வீட்டுலயும் எனக்கு இருக்கிறது சமையல்கட்டுதான். அப்ப இருக்கத்தான் போறேன். ஆனா இனிமே இப்படி இருக்க மாட்டேன்னு கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட பஸ் நின்னப்ப முடிவெடுத்தேன்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் அண்ணனும் தம்பியும் எழும்பி நின்னாங்க. என்ன ஆச்சுன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. அந்தம்மா என் கையப் புடிச்சு உக்கார வச்சாங்க, அவங்க வீட்டுல கை நனைச்சுட்டு வர்றேன்னு சொன்னேன். அதுல ஒரு பொய்யும் இல்ல. என் வீட்டுக்காரர் முகம் அப்படியே மலர்ந்துச்சு. கொழுந்தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். வேற ஏதாவது அவங்க கேக்கிறதுக்குள்ள, மெஷின இப்பவே கீழ இறக்குங்கன்னேன். காலையில இறக்கலாமேன்னு என் வீட்டுக்காரர் இழுத்தாரு. "இப்ப"ன்னேன். கொழுந்தன் தானா மேசைய நகர்த்தினான். ரெண்டு பேரும் மெஷின ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு, மாடிப்படியில இறக்கினாங்க. நான் முன்னாடி நின்னு, இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்னு சொல்லி, வெளிச்சம் ஊசி மேல விழுற மாதிரி போட வச்சேன்.

மறுநாளே ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. தீபாவளி நெருங்கிக்கிட்டு இருந்த நேரம். அக்குறணையில இருந்தெல்லாம் முஸ்லிம் பொம்பளைங்க வந்து, அளவெடுக்கப் பொம்பளை இருக்குன்னு சந்தோஷமா உக்காந்தாங்க. ஜாக்கெட்டுக்கு வந்தவங்க சேலையும் எடுத்தாங்க. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு காதுவரைக்கும் போச்சு. அது வேற சிரிப்பு, யாவாரச் சிரிப்பு.

அந்த வாரக் கடைசியில, கடை நிரம்பி வழிஞ்சுக்கிட்டு இருந்தப்ப, தரகர் வந்தாரு. பொண்ணோட அம்மா அப்பாவுக்குச் சம்மதம்தானாம், பொண்ணுதான் முடியவே முடியாதுன்னு சொல்லிருச்சாம், காரணமும் சொல்ல மாட்டேங்குதாம். சொல்லிட்டுப் போயிட்டாரு. கொழுந்தன் என் மெஷின் முன்னாடி வந்து நின்னான். என் வீட்டுக்காரரும் சேலைய மடிக்கிறதை விட்டுட்டு வந்து பக்கத்துல நின்னாரு.

"அங்க என்ன நடந்துச்சு அண்ணி?"

நான் மிதிக்கிற காலை நிறுத்தல. மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "பொண்ணு என்கிட்ட உங்களப் பத்திக் கேட்டுச்சு தம்பி. சொன்னேன்"னேன். அதுக்கப்புறம் தலையத் தூக்கி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்களப் பத்தியும் சொன்னேன்"னேன்.

அவரு முகம் கறுத்துச்சு. மெஷினப் பார்த்தாரு. மேல மாடிப்படியப் பார்த்தாரு. மெஷினத் திரும்ப மேல ஏத்தச் சொல்லத்தான் வாயத் திறந்தாரு. சுத்தி வர, கையில ஜாக்கெட் துணியோட பொம்பளைங்க அவரையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வாய மூடிக்கிட்டு, விட்ட சேலைய மடிக்கப் போனாரு.